நெபுலா படங்களுக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்த கடை. அவருக்குப் பிறகு 22 வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஓரியன் நெபுலாவின் படம் அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது. நெபுலா என்றால் விண்வெளியில் இருக்கும் வாயுவும் தூசும் கலந்த மேகம். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர், இந்த வண்ணமெல்லாம் கம்ப்யூட்டரில் தீட்டியது, வானத்தில் இப்படி ஒன்றும் கிடையாது, படிக்கிறவர்களை ஏமாற்றாதீர்கள் என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள். ஆனால் அதே நெபுலாவை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நான் எடுத்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறேன். படத்தைக் கழுவுவது வேறு, டச்சப் செய்வது வேறு. டார்க் ரூமில் டெவலப்பர் தட்டில் பேப்பரைப் போட்டு ஆட்டும்போது வெள்ளைக் காகிதத்தில் முகம் மெதுவாக எழும்பி வரும். அது யாரும் வரைந்த முகம் இல்லை. வெளிச்சம் ஏற்கெனவே பதிந்துவிட்டது, மருந்து அதைக் கண்ணுக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். டச்சப் என்பது நெகட்டிவ் மேல் பென்சிலை வைப்பது. அப்பா அதிலும் கெட்டிக்காரர். ஆனால் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பருவை எடுப்பார், மச்சத்தை எடுக்க மாட்டார். பெண் பார்க்கக் கொடுக்கும் போட்டோவில் மச்சத்தை எடுத்துவிடச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். "பரு நாலு நாள்ல போயிடும்மா. மச்சம் கூடவே வரும். அங்க அடையாளம்னு பள்ளிக்கூட சர்டிபிகேட்ல எழுதறதே அதைத்தானே" என்று அனுப்பிவிடுவார். நெபுலா படத்தைக் கம்ப்யூட்டரில் செய்யும்போது நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு விதியைத்தான்.

இந்த நெபுலா எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: மார்கழி, தை மாதங்களில் இரவு கிழக்கே பார்த்தால் மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும். அதற்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. எதிர்ப்பக்கம் கத்தி தொங்குவது மாதிரி மங்கலாக ஒரு சின்ன வரிசை உண்டு. அதன் நடுப்பகுதிதான் ஓரியன் நெபுலா. நிலாவைவிட அகலமாக இருக்கிறது, ஆனால் தண்டையார்பேட்டையில் வெறும் கண்ணுக்கு ஒரு மங்கல் புள்ளிதான். அம்மா ஒவ்வொரு வருடமும் திருவாதிரைக் களி செய்யும்போது, "இன்னைக்குத்தானே உன் நட்சத்திரம், போய் எடேன்" என்பார். அன்றைக்குத்தான் எடுக்கவே முடியாது. மார்கழித் திருவாதிரை என்றால் பௌர்ணமி நிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே வந்து நிற்கும், நெபுலா அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். எனக்கு நாள் தை அமாவாசை. மழை ஓய்ந்திருக்கும், போகிப் புகையும் அடங்கியிருக்கும், இரவு ஒன்பதரை மணிக்கு நெபுலா கிட்டத்தட்ட தலைக்கு மேல் வந்துவிடும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணம் எடுக்கும் கேனான் கேமராதான், 70-200 லென்ஸ்தான். டெலஸ்கோப் கிடையாது. முதல் வருடம் வெறும் டிரைபாடில் வைத்து எடுத்தேன். பூமி சுற்றுவதால் வானம் நகர்கிறது, மணிக்கு 15 டிகிரி. 200 மில்லிமீட்டரில் இரண்டு விநாடிக்கே நட்சத்திரங்கள் அரிசி மாதிரி நீண்டுவிட்டன. அப்புறம் பழைய டிராக்கர் ஒன்றை வாங்கினேன். வானம் நகரும் அதே வேகத்தில் கேமராவைத் திருப்பும் சின்னப் பெட்டி அது. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், ஏனென்றால் நம் ஊர் இருப்பதே 13 டிகிரி அட்சரேகையில். எங்கள் மாடியிலிருந்து வடக்கே அந்த உயரத்தில் இருப்பது மணலி, எண்ணூர்ப் பக்கத்து வெளிச்சம். இத்தனை வருடத்தில் அந்த நட்சத்திரத்தை எங்கள் வீட்டிலிருந்து நான் பார்த்ததே இல்லை. காம்பஸையும் போனில் இருக்கும் சாய்வுமானியையும் வைத்து ஏறக்குறைய நிறுத்துகிறேன். ஏறக்குறைய என்பதால் ஒரு படத்துக்கு 30 விநாடியோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குள் இருக்கும் பிசகு படத்தில் தெரிவதில்லை.

இங்கேதான் பலருக்கும் புரியாத விஷயம் இருக்கிறது. சுவரில் இருப்பது ஒரு படம் இல்லை, 468 படம். போன தையில் நாலு இரவு எடுத்தது மொத்தம் 612. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் போனால் எங்கள் பழைய வீடு லேசாக அதிரும். மாடியில் வைத்த பக்கெட் தண்ணீரில் வளையம் தெரியும், அந்த நேரத்துப் படத்தில் நட்சத்திரமெல்லாம் நெளிந்திருக்கும். அப்படிக் கெட்டது, மேகம் வந்தது, லென்ஸில் பனி பூத்தது என்று 144 படத்தைத் தள்ளிவிட்டேன். கடற்காற்றில் ஈரம் அதிகம், அரை மணிக்கு ஒரு தடவை மணப்பெண் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் ஹேர் டிரையரால் லென்ஸுக்குச் சூடு காட்ட வேண்டும். தெருமுனை விளக்குக்கு எதிரே கொடிக்கயிற்றில் ஸ்டுடியோவின் கறுப்புத் திரையைக் கட்டிவிடுவேன். முன்பு இருந்த மஞ்சள் சோடியம் விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே நிறத்தில் அடங்கும், அதைத் தடுக்கிற கண்ணாடி உண்டு. இப்போதைய வெள்ளை எல்.இ.டி.யில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் அந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை.

ஒரு தனிப் படத்தைப் பார்த்தால் குருணை குருணையாக இருக்கும். அந்தக் குருணை ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும், நெபுலா மட்டும் அதே இடத்தில் இருக்கும். நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அடுக்கிச் சராசரி எடுத்தால் குருணை அடங்கும், நெபுலா நிற்கும். நாலு படம் அடுக்கினால் குருணை பாதியாகும், நூறு அடுக்கினால் பத்தில் ஒரு பங்காகும். ஒரு படத்தில் மட்டும் கோடு போட்டுக்கொண்டு போன விமானமும் செயற்கைக்கோளும், மற்ற படங்களில் அந்த இடத்தில் இல்லாததால் கணக்கிலிருந்து தானாக விழுந்துவிடும். இதற்கெல்லாம் சிரில் என்ற இலவச மென்பொருள் போதும்.

லென்ஸின் மூலை இருட்டையும் கேமராவுக்குள் இருக்கும் தூசியையும் எடுக்க, விடியற்காலை வெளுக்கிற வானத்தைப் பார்த்து லென்ஸ் மேல் அப்பாவின் வெள்ளை வேட்டியை மடித்துப் போட்டு முப்பது படம் எடுப்பேன். வேட்டி ஒரே வெள்ளை. ஆகவே அதில் தெரிகிற அழுக்கெல்லாம் கேமராவின் அழுக்கு. அதை வைத்து நெபுலா படத்தைத் திருத்தினால் அந்தத் தூசி போய்விடும். இது பரு. இதை எடுத்தே ஆக வேண்டும்.

அடுக்கி முடித்த படத்தைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. நிஜமாகவே ஒன்றும் இருக்காது, கறுப்பில் பத்துப் பதினைந்து புள்ளிதான். முதல் தடவை நாலு இரவும் வீண் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். நெபுலாவின் வெளிச்சம் முழுக்க அந்தக் கறுப்பின் அடிமட்டத்தில் ஒரு மெல்லிய பட்டையில் நெருங்கிக் கிடக்கிறது. அந்தப் பட்டையை விரித்துக் காட்டுவதுதான் எல்லாரும் 'பிராசஸிங்' என்கிற வேலையில் முக்கால்வாசி. எந்த இடம் நெபுலா, எந்த இடம் வெறும் வானம் என்று நான் கைகாட்டுவதில்லை. இத்தனை வெளிச்சம் இருந்தால் இத்தனையாகக் காட்டு என்று படம் முழுக்க ஒரே விதிதான். மெதுவாக விரிக்க விரிக்க முதலில் நடுவில் ஒரு வெள்ளை, அப்புறம் இரண்டு பக்கமும் இறக்கை, அப்புறம் இளஞ்சிவப்பு. அன்றைக்குக் கடையில் தனியாக இருந்தேன். டெவலப்பர் தட்டில் முகம் எழும்பி வருகிற அதே வேகம். அப்பா இருந்திருந்தால் என்று நினைத்து அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒரே விதியில் விரித்தால் நடு இதயம் வெளுத்துப் போகும். அங்கே நாலு நட்சத்திரம் சேர்ந்து ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களால்தான் நெபுலா ஒளிர்கிறது. அதற்காக இரண்டு விநாடிப் படங்கள் 60 தனியாக எடுத்துச் சேர்த்தேன். வெள்ளைப் பட்டுப்புடவைப் பெண்ணும் கறுப்புக் கோட் மாப்பிள்ளையும் ஒரே பிரிண்டில் சரியாக வர, என்லார்ஜருக்கு அடியில் அட்டையை ஆட்டி ஒரு பக்கத்துக்கு வெளிச்சத்தைக் குறைப்பார் அப்பா. அதே வேலைதான்.

சரி, நிறம். வாசகரின் பெரிய சந்தேகம் அதுதான். பழைய சோடியம் தெருவிளக்கு ஏன் மஞ்சள்? யாரும் மஞ்சள் பெயின்ட் அடிக்கவில்லை, அந்த ஆவி ஒளிர்ந்தால் வருகிற நிறம் அது. நெபுலாவும் அப்படி ஒரு விளக்குதான். ஹைட்ரஜன் ஒளிரும்போது 656 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு வருகிறது. ஆக்சிஜன் 501 நானோமீட்டரில் பச்சையும் நீலமும் கலந்த நிறம் தருகிறது. அப்படியென்றால் பைனாகுலரில் பார்க்கும்போது ஏன் சாம்பலாகத் தெரிகிறது என்று கேட்கலாம். கரன்ட் போன ராத்திரியில் பீரோவைத் திறந்தால் அரக்குப் புடவையும் பச்சைப் புடவையும் ஒன்றுபோலத்தானே தெரிகின்றன? மங்கல் வெளிச்சத்தில் நிறம் காணும் பகுதி நம் கண்ணில் வேலை செய்வதில்லை. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. அதற்கு வேறு குறை: சாதாரண கேமராவில் வெளிச்சத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அந்த ஆழ்ந்த சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் என் படத்தில் இருப்பது உண்மையைவிடக் குறைந்த சிவப்பு. கூட்டவில்லை, குறைந்திருக்கிறது.

ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். குருணையை எடுக்க செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இறக்கையில் நூல் நூலாகப் புதிய இழைகள் வந்தன, பட்டுச்சரிகை மாதிரி அழகு. அதைத்தான் முதலில் பிரிண்ட் போட்டேன். பிறகு ஒரு சோதனை செய்தேன். 468 படங்களை ஒற்றை, இரட்டை என்று 234 - 234 ஆகப் பிரித்துத் தனித்தனியாக அடுக்கினேன். இரண்டிலும் அதே இறக்கை, அதே இதயம், அதே இருண்ட மடிப்பு. எந்த மென்பொருளும் போடாமலே இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் அந்த மென்பொருளைப் போட்டதும் ஒன்றில் இழை இங்கே, இன்னொன்றில் இழை அங்கே. அப்படியென்றால் அந்தச் சரிகை வானத்தில் இல்லை. பிரிண்டைக் கழற்றிவிட்டேன். அந்த வாசகர் கடைக்கு வந்தால் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். நான் தீட்டியதாக இருந்தால் இரண்டும் ஒத்துவராது.

ஊர் வெளிச்சத்தைக் கழிப்பதில் எனக்கு முழு நிம்மதி இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். துறைமுகப் பக்கம் இருக்கும் ஒரு மூலை எப்போதும் வெளுத்திருக்கும், அதை மென்பொருள் கணக்குப் போட்டுக் கழிக்கிறது. கழிக்கும்போது நெபுலாவைச் சுற்றியிருக்கும் மெல்லிய தூசுமேகமும் கூடவே போய்விடுகிறது. ஒரு தடவை ஜவ்வாது மலைக்குப் போய் 40 நிமிடம் எடுத்ததில் அந்தத் தூசு அழகாக வந்தது. தண்டையார்பேட்டைப் படத்தில் அது இல்லை, இல்லாததை அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டவும் மாட்டேன்.

நெபுலாவின் பிரகாசமான இடத்துக்குள் ஒரு கறுப்பு வளைகுடா நுழைந்திருக்கும். அதற்கு வானியலில் 'மீன் வாய்' என்றே பெயர். எனக்கு அது அப்போது தெரியாது. காசிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஆதார் நகல் எடுக்க வந்தவர், சுவரைப் பார்த்து, "இன்னா தங்கச்சி, கொடுவா வாயைத் தொறந்துக்கினு இருக்குற மாதிரி கீது" என்றார். பிறகு படித்துப் பார்த்துத்தான் அசந்துபோனேன். அது தீட்டிய கறுப்பு இல்லை, பின்னால் இருக்கும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற தூசு. அங்கிருந்து வெளிச்சம் நம்மிடம் வர ஏறக்குறைய 1,340 வருடம் ஆகிறது. அப்பர் திருவொற்றியூரில் பாடிய அதே நூற்றாண்டில் கிளம்பியதைத்தான் அக்கா பார்த்தார்.

இதை முதன்முதலில் படம் பிடித்தது 1880 செப்டம்பர் 30-ம் தேதி. அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர், கண்ணாடித் தகட்டில் 51 நிமிடம் வெளிச்சம் காட்டி எடுத்தார். அப்போது கம்ப்யூட்டர் ஏது? 1883-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், டெலஸ்கோப் வழியாகப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. அவருக்குத் தொழில் கழிவுநீர், சுகாதாரம் சார்ந்த பொறியியல். இரவில்தான் வானம். அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் என் படத்தையும் அருகில் வைத்தால் மீன் வாய் அதே இடத்தில்தான் திறந்திருக்கிறது.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அந்த வாசகருக்குச் சந்தேகம் வந்ததற்குப் பாதிக் காரணம், நீங்கள் படத்துக்குக் கீழே 'விண்வெளியின் வண்ண ஜாலம்' என்று மட்டும் போட்டிருந்ததுதான். எல்லா நெபுலா படமும் ஒரே மாதிரி செய்ததில்லை. 1995-ல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கியிருந்தார்கள். கந்தகம், ஹைட்ரஜன் இரண்டுமே நிஜத்தில் சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியாது, அதனால் அந்த ஏற்பாடு. 2022 ஜூலையில் வந்த ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்தவை. நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று பெயர்த்துக் கொடுக்கிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எடுத்தவர்களே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். பத்திரிகைக்கு வரும்போதுதான் அந்த வரி காணாமல் போகிறது. இன்னொரு பக்கம் செயற்கை நுண்ணறிவு வரைந்த பொய் நெபுலாக்கள் வாட்ஸ்அப்பில் தினமும் வருகின்றன. எங்கள் தெருப் பிள்ளைகள் அதையும் இதையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். படத்துக்குக் கீழே இரண்டே வரி: எதில் எடுத்தது, எத்தனை நேரம், எந்த நிறம் எதைக் குறிக்கிறது. ராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

என் படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். சன்மானம் வேண்டாம். வெளியிடுவதாக இருந்தால் கீழே இருப்பதை ஒரு சொல் குறைக்காமல் போடுங்கள்.

"ஓரியன் நெபுலா, தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து. 200 மி.மீ. லென்ஸ், 30 விநாடிப் படங்கள் 468, மொத்தம் 3 மணி 54 நிமிடம். நடுப்பகுதிக்கு 2 விநாடிப் படங்கள் 60. நிறம் கேமரா பதிந்தது, சிவப்பு உண்மையைவிடக் குறைவு. ஊர் வெளிச்சம் கழிக்கப்பட்டது, அதோடு வெளித் தூசு மேகமும் போய்விட்டது."

இப்படிக்கு,
ஸ்டுடியோ நடத்தும் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.